மூன்று அங்குலப் பொய்யும் உன் வண்டியும்

அன்பு முரளிக்கு,

உன் வண்டியை நான் கோபத்தில் தள்ளிவிடவில்லை. எதிர்வீட்டுக் கலா தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அது அறந்தாங்கிவரை போய், உன் சித்தப்பா வழியாக மஸ்கட்டில் இருக்கும் உன் காதுக்கும் வந்துவிட்டது. நடந்தது வேறு. நான் அந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். வண்டி சாய்ந்தது, என்னால் பிடிக்க முடியவில்லை. சத்தம் கேட்டுக் கலா ஓடி வந்தபோது வண்டி இடப்பக்கமாகக் குரோட்டன் தொட்டிகளின் மேல் கிடந்தது, நான் முழங்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "ஆத்தாடி, புள்ள மேல உள்ள கோவத்த வண்டி மேலயா காட்டுறது?" என்றாள். எழுபத்தோரு வயதில் பைக்கில் ஏறி உட்கார்ந்து விழுந்தேன் என்று சொல்வதைவிட, கோபத்தில் தள்ளினேன் என்பது எனக்கு மரியாதையாகத் தோன்றியது. "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்றேன். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் இத்தனை தூரம் கால் முளைத்திருக்கிறது. முழங்கை ஆறிவிட்டது, அதைப் பற்றிக் கேட்காதே.

அதைக் கேட்டதும் நீ சித்தப்பாவிடம், "வித்துருங்க, நான் லீவுக்கு வரல" என்று சொன்னாயாம். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா? சரி, வச்சிரவா?" என்றாய். போன எட்டு மாதமாக நமக்குள் இவ்வளவுதான் பேச்சு. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். போனில் சொல்ல முடியாததைத் தபாலில் சொல்வதற்காக ஜனங்கள் வரிசையில் நிற்பதைக் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் வெளியே வந்து நிற்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஏன் ஏறி உட்கார்ந்தேன் என்று நீ கேட்பாய். வாரம் ஒரு தரம் மேலே போர்த்திய துணி உறையை எடுத்து வண்டியைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா, ஒரு வாரமும் தவறவில்லை. தூசியோடு உறையை இழுத்தால் மணல் உரசி பெயின்டில் கோடு விழும் என்று நீ சொன்னபடி, முதலில் ஊதிவிட்டு, பிறகுதான் மெல்லத் தூக்குவேன். அன்று வண்டிக்குப் பின்னால், சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் பையில் உன் பழைய கறுப்பு ஷூ இருந்தது. எறும்பு ஏறியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு அங்குலத்துக்கு டயர் ரப்பர் வைத்துத் தைத்திருந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி வைத்துத் தந்தது, சுத்தமான வேலை, விளிம்பெல்லாம் கறுப்பு மை தடவி மறைத்திருந்தது. வண்டிக்காக வைத்தாயா, பெண் பார்க்கப் போவதற்காக வைத்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்காக இருந்தாலும் என்னிடம் நீ சொல்லவில்லை. இந்த வண்டியை மூன்று வருடம் நீ நுனிக்காலில் நின்றுதான் ஓட்டியிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு மேட்டிலும். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் படியில் ஏறி நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டேன். எனக்கே பாதம் முழுதாகப் பதியவில்லை. உன்னைவிட நான் உயரம் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் வீட்டில் உயரத்தைப் பற்றிப் பேசாத நாள் குறைவு, பேசியது முழுக்க நான். உன் அப்பா என்னைவிட நான்கு அங்குலம் குறைவு. கல்யாணப் போட்டோவில் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு அவர், "உங்கம்மாகிட்ட பேசணும்னா அண்ணாந்துதான் பேசணும், அண்ணாந்துகிட்டுப் பொய் சொல்ல வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் முதுகில் ஸ்கேலை வைத்து நிமிர்ந்து நிற்கப் பழக்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் நடக்கும்போது தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவருக்காக அப்படி நடக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. பார்க்கிறவர்களுக்காக நடந்தேன். உனக்குப் பத்து வயதிருக்கும்போது சமையலறை நிலையில் உன்னை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "அப்பா மாதிரி இத்தோட நின்னுராதே" என்றேன். அவர் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நீ அவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நிறைய மாலைகள் இருந்தன, ஒன்றையும் பயன்படுத்தவில்லை.

உனக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது பயோடேட்டா எழுதியது நான். ஐந்தடி ஆறு என்று போட்டேன். டைப் அடித்த பையன் தவறு செய்துவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அவன் ஒரு தவறும் செய்யவில்லை. நான் கையால் எழுதிக் கொடுத்த தாளில் ஆறு என்றுதான் இருந்தது. மூன்று ரூபாய் ஸ்டாம்ப் குறைந்தால்கூடக் கவரைத் திருப்பிக் கொடுத்தவள், மகனுக்கு மூன்று அங்குலத்தைக் கூசாமல் கூட்டிப் போட்டேன். எல்லோரும் ஒன்றிரண்டு கூட்டித்தான் போடுகிறார்கள் என்று தரகர் சொன்னார். எல்லோரும் செய்கிற காரியத்தை நான் அதுவரை செய்ததில்லை, அதை ஒரு பெருமையாகவும் வைத்திருந்தேன்.

அறந்தாங்கியில் பெண் வீட்டு வாசலில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சித்தப்பா காரில் நாங்கள் முன்னால் போய்விட்டோம், நீ வண்டியில் பின்னால் வந்தாய். வீட்டு முன் சரிவில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். நீ பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாய், ஊன்றிய இடத்தில் ஜல்லி உருண்டது, வண்டி வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, வண்டியின் பக்கவாட்டை மூடியிருக்கும் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் உறை கல்லில் தேய்கிற சத்தம் கேட்டது. நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே சட்டையைத் தட்டினாய். உள்ளே போய் உட்கார்ந்ததும் பெண்ணின் அத்தை கேட்டாள்: "பயோடேட்டாவுல அஞ்சடி ஆறுன்னுல்ல போட்டிருந்துச்சு? மிச்ச மூணு இஞ்ச் பின்னாடி பஸ்ஸுல வருதா மாப்ள?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான், "ஷூவக் கழட்டி வச்சுட்டான்ல, அதான் அப்படித் தெரியுது" என்றேன். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தையின் பேச்சுக்கு மாறாத முகம் என் பேச்சுக்கு மாறியது. திரும்பும்போது நீ காருக்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. வேறு பாதையில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வந்தாய். அடுத்த மாதம் விசா வந்தது.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். அவர்கள் உன் உயரத்துக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் மேலே படிக்க விரும்புகிறாள் என்று நான் உன்னிடம் சொன்னது நானாகச் சொன்னது. நீ அதை நம்பவில்லை, உயரம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாய், நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். தரகர் என்னிடம் சொன்னது இதுதான்: "பொண்ணுக்குப் பையனப் புடிச்சிருந்துச்சும்மா. வண்டியோட விழுந்து எந்திரிச்சும் சிரிச்சாருல்ல, அது புடிச்சிருந்துச்சாம். அவுக அப்பாதான், ஒரு அளவுக்கே இப்படிச் சொல்றவுக நாளைக்கு எதுக்கு என்ன சொல்லுவாகளோன்னு பின்வாங்கிட்டாரு." எட்டு மாதம் இதை நான் விழுங்கிக்கொண்டு இருந்தேன். உன் உடம்பில் குறை என்று நீ நினைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போக விட்டேன், குறை என் நாக்கில் இருந்தது என்று சொல்லாமல். என்னை யாரும் பொய் சொன்னவள் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இதைவிடச் சின்னத்தனமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், முரளி. அதற்கு நீ உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வண்டி. சித்தப்பா ஆள் அனுப்பினார், வண்டியைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். உடைத்தது நான், சரி செய்யாமல் விற்க விடமாட்டேன். லோடு ஆட்டோ வைத்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரபீக் என்பவரின் பட்டறைக்கு நானே கூடப் போனேன். டிரைவர் கயிற்றை நேராக உறையின் மேல் போட்டுக் கட்டப் பார்த்தார், பழைய போர்வையை மடித்துக் கீழே கொடுத்து, ஹேண்டிலைப் பிடித்துக் கட்டச் சொன்னேன். "அம்மா பைக் ஓட்டுவீகளா?" என்று கேட்டார். "விழுவேன்" என்றேன். ரபீக் இடப்பக்கத்து விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து உள்பக்கம் வலை கொடுத்து ஒட்டிவிடலாம், மேலே பெயின்ட் அடித்தால் தெரியாது என்றார். அப்புறம், "ஓடும்போது விழுந்து உடையறதவிட, நிக்கும்போது சாஞ்சு உடையறதுதாம்மா இந்த வண்டில சாஸ்தி. கால் எட்டலன்னா எத்தன தடவ ஒட்டினாலும் திரும்ப உடையும். வண்டிய இறக்கிருங்க" என்றார்.

வண்டியை இறக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் முட்டிபோட்டுக் காட்டினார். பின்சக்கரத்தின் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் ஒரு சிறு இரும்பு லிங்க், அதை மாற்றிக் கொஞ்சம் நீளமானதைப் போட்டால் பின்பக்கம் இறங்கும். முன்பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புக்கு மேலே சற்றுத் தூக்கிக் கட்டினால் அதுவும் அதே அளவுக்கு இறங்கும். பின்னால் மட்டும் இறக்கி முன்னால் விட்டுவிட்டால் திருப்பத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. எல்லாம் முடிந்து சைடு ஸ்டாண்டை வெட்டிக் குறைக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் வண்டி சாயாமல் நட்டமாக நிற்கும், ஒரு காற்றுக்கு மறுபக்கம் விழுந்துவிடும். நான் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டேன், அவர் சிரித்தாலும் எழுதிக்கொண்டேன். நீ வளர வேண்டும் என்று உன்னைக் கம்பியில் தொங்க விட்டேன், பாலில் எதையெதையோ கலந்து கொடுத்தேன், நீட்டி நிமிர்ந்து படு என்றேன். எட்டாத பொருளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது அவர் கேட்டார், "தம்பி என்ன ஒசரம்?" என் வாய் தானாக, "அஞ்சடி ஆறு" என்றது. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அஞ்சடி ஆறுன்னா இறக்கவே வேணாமேம்மா. இந்த சீட்டுக்குக் கால் தாராளமா ஊனுமே. அப்புறம் ஏன் விழுகுறாரு?" பட்டறையில் இன்னும் இரண்டு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள், அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். முரளி, அந்தக் கேள்விக்கு எத்தனை பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன என்று உனக்குத் தெரியும். உனக்கு வண்டி சரியாக ஓட்ட வராது என்றுகூடச் சொல்லிவிட்டிருப்பேன். சொல்லியிருந்தால் அவர் இறக்காமலே விட்டிருப்பார், நீ திரும்பி வந்து மறுபடியும் நுனிக்காலில் நின்றிருப்பாய். "இல்ல. அஞ்சடி மூணு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ரபீக், "அஞ்சடி மூணா, ஒன்றரை இஞ்ச் இறக்குனாப் போதும். இதுக்கு எதுக்கும்மா இம்புட்டு யோசன?" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்தார். காத்திருந்தவர்கள் மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் பயந்த உலகம் அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட அதற்கு அந்தச் செய்தி தாங்கவில்லை.

ஆனால் உயரம் மட்டும் போதாதாம். சிலருக்கு உடம்பு நீளம், கால் குட்டை, சிலருக்கு மாறி. கால் அளவு வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து உன் பேன்ட்டுகளை எடுத்து உள்தையலை அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தது. ரப்பர் வைத்த ஷூவை மறைக்க நீளமாகத் தைத்தவை எவை, உன் காலுக்குத் தைத்தவை எவை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கட்டில் மேல் ஆறு பேன்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையின் கால் எவ்வளவு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரபீக்கிடம் இடப்பக்கத்தை மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். வலப்பக்கத்தில் அறந்தாங்கிக் கீறல் இருக்கிறதல்லவா, "அதையும் பாலிஷ் போட்டு எடுத்துரவாம்மா?" என்று கேட்டார். அது என் பிள்ளை விழுந்த பக்கம், அவனைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொன்னேன். லிங்கையும் தொடவில்லை. இத்தனை வருடம் உன் அளவுகளை நானே எழுதிக்கொண்டேன், இனி எழுத மாட்டேன்.

நீ இறக்கச் சம்மதித்தால் சில விஷயங்களை நினைவில் வை. வண்டி தாழ்ந்துவிட்டால் அடி உறை நம் ஊர் வேகத்தடைகளில் தட்டும். நேராக ஏறாதே, வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் சாய்வாக ஏறி இறங்கு. திருப்பத்தில் முன்போலப் படுக்கப் போடாதே, தரை சீக்கிரம் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஸ்லைடர் என்று உருண்டையாக ஒன்று மாட்டிக்கொள். சாய்ந்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும், உறைக்கு வராது. உறையின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தாள் ஒட்டுவார்களாம், அது வேண்டுமா என்று நீ முடிவு செய். ஜல்லியில், மணலில், சரிவில் நிற்க வேண்டி வந்தால் காலை ஊன்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து ஊன்று. அடுத்து ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிற நாள் வந்தால், பயோடேட்டாவை நீயே எழுது. என் பங்குக்கு நான் அதில் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன். அறந்தாங்கிப் பெண்ணைப் பற்றி இனி எதுவும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவள் அப்பாவுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதி, ஆறு என்று போட்டது நான்தான், பையனுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

வண்டி வேண்டாம், விற்றுவிடு என்பதுதான் உன் முடிவு என்றால் விற்றுவிடுகிறேன். வாங்க வருகிறவரிடம் எந்தப் பக்கம் எப்படி உடைந்தது என்று சொல்லித்தான் விற்பேன். லீவுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் எனக்குச் சந்தோஷம் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன், இதுவரை நேராக எழுதியதில்லை.

எனக்கு ஒன்று வேண்டும். செருப்பில்லாமல், சுவரில் முதுகை ஒட்டி நில். கால்களுக்கு நடுவில் ஒரு தடிமனான புத்தகத்தை மேலே முட்டும்வரை தூக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து பார். சென்டிமீட்டரில், கூட்டாமல் குறைக்காமல். அந்த எண்ணையும், வண்டியை இறக்கட்டுமா, விற்கட்டுமா என்பதையும் ஒரு தாளில் உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் சொல்லாதே.

அம்மா